நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஊர்

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனை மேலாளராகப் பதினோரு ஆண்டுகள் இருந்து பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவர், இழப்பீடு கேட்டு மதுரையிலேயே உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தார். அவர் வழக்கறிஞரான என்னிடம் வந்தபோது அந்தப் பிராது, அதாவது வழக்கு மனு, திருப்பித் தரப்பட்டிருந்தது. தாக்கல் செய்த தேதி, திருப்பிய தேதி, தாக்கல் செய்தவர் பெயர், காரணம் ஆகிய நான்கும் அதன் மேல் எழுதப்பட்டிருந்தன. காரணம் சுருக்கமானது: எந்தத் தகராறானாலும் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்கிறது நியமனக் கடிதத்தின் பதினேழாம் பத்தி. கையெழுத்திட்ட அன்று அவர் படித்தது சம்பள விவரம் இருந்த பக்கத்தை மட்டும்தான். என் முதல் வேலையில் நானும் அப்படித்தான் கையெழுத்திட்டேன்.

இத்தகைய பத்தி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எச்.டி.எஃப்.சி. வங்கியிலிருந்து நீக்கப்பட்ட இருவரில் ஒருவர் பாட்னாவிலும் மற்றவர் டெல்லியிலும் வழக்குத் தொடுத்திருந்தனர். ஒப்பந்தம் மும்பையைக் குறித்திருந்தது. பாட்னா உயர் நீதிமன்றம் வங்கிக்கும் டெல்லி உயர் நீதிமன்றம் ஊழியருக்கும் சாதகமாகச் சொல்லியிருக்க, உச்ச நீதிமன்றம் இருவரையும் மும்பைக்கே போகச் சொன்னது. பேரம் பேசும் வலிமை சமமில்லை என்ற வாதம் எடுபடவில்லை. வேலையை நம்பிக் குடும்பம் நடத்துபவர் பதினேழாம் பத்தியை மாற்றக் கேட்டிருக்க முடியுமா என்ற நெருடல் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் சட்டம் இன்று அதுதான்.

அதே தீர்ப்பில் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரம்பும் இருக்கிறது. இயல்பாக அதிகாரம் இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது. அந்த வழக்கில் நியமன முடிவும் பணிநீக்க முடிவும் மும்பையில் எடுக்கப்பட்டு, கடிதங்களும் அங்கிருந்தே வந்திருந்தன. ஆகவே வழக்கு மூலத்தின், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளின், ஒரு பகுதி அங்கே எழுந்திருந்தது. முழுச் சம்பவமும் கிளை அலுவலகம் உள்ள ஊரிலேயே நடந்திருந்தால், தலைமை அலுவலகம் வேறு நகரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று 1991ஆம் ஆண்டின் பட்டேல் ரோட்வேஸ் தீர்ப்பை வைத்து வாதிடலாம். ஆகவே பணிநீக்கக் கடிதம் வந்த அஞ்சல் உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

பத்தியின் சொற்களையும் பார்க்க வேண்டும். சேலத்தில் தொடுக்கப்பட்ட வணிக வழக்கு ஒன்றில், தகராறுகள் குஜராத்தின் கைரா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டவை என்றிருந்த வாசகம் சேலத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை என 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனினும் ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்று 2013இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டதால், அந்தச் சொல் இல்லையே என்று நிம்மதி அடைவது ஆபத்து.

‘கேஸை மும்பைக்கு மாற்றிவிடுவார்கள்தானே?’ என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழக்கு உள்ளபடியே மாற்றப்படும். இங்கே பிராது கைக்கே திரும்பும். புதிய நீதிமன்றத்தில் விசாரணை முதலிலிருந்து தொடங்கும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. திருப்பித் தருவதற்கு முன்பே, எந்த நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்று குறிப்பிட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை 10ஏ விதியின் கீழ் மனுச் செய்தால், இருதரப்பும் அங்கே ஆஜராக வேண்டிய நாளை இந்த நீதிமன்றமே குறித்துத் தரும். மறு அழைப்பாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மதுரைக்காரருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நல்லெண்ணத்துடன் தவறான நீதிமன்றத்தில் செலவிட்ட காலத்தை, வழக்குத் தொடுப்பதற்கான கெடுவில் எண்ணாமல் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கழித்துத் தருகிறது. தாக்கலுக்கு முன் கழிந்த காலத்தை அது மீட்டுத் தராது. அவர் மூன்று ஆண்டுக் கெடுவில் நாற்பது நாட்கள் மீதமிருந்தபோதுதான் மதுரையில் வழக்குத் தொடுத்திருந்தார். பிராது திரும்பி வந்த முப்பத்தோராம் நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். மும்பையில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துப் பிராதைத் தாக்கல் செய்ய எங்களுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.