சின்ன ஹோலில் பெரிய சத்தம்: ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். 10க்கு 12 அடி ஹோல். மகன் வாங்கிக் கொடுத்த 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). மூலையில் அந்த 12 அங்குல சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் தாழ்ந்த, கனத்த ஒலிக்கான பெட்டி. "தம்பி, கதைக்கிறது ஒண்டும் விளங்குதில்லை, சண்டை வந்தா மட்டும் வீடே அதிருது" என்றார் அந்த அம்மா.

செட்டில் பழுது எதுவும் இல்லை. நடு ஸ்பீக்கர் டிவி அலுமாரியின் உள்தட்டில், பூச்சாடிக்குப் பின்னால் இருந்தது. படத்தில் பேச்சின் பெரும்பகுதி அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. தட்டின் விளிம்புவரை இழுத்து, அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து, சோபாவில் இருப்பவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். பேச்சு அப்போதே தெளிந்தது.

அதிர்வுக்குக் காரணம் அறை. நம் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 12 அடி தள்ளி நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே 48 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48 அதிர்வு) அளவிலான பேஸ் மோதி மோதிப் பெருகும். 10 அடிக்கு அது 57 ஹெர்ட்ஸ். சுவரோரம் அந்தச் சத்தம் வீங்கும், அறையின் நடுவில் மெலியும். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்வதால் இன்னும் மோசம். அவர்கள் சோபாவும் பின்சுவரோடு ஒட்டியே கிடந்தது.

இதற்கு நான் எல்லா வீட்டிலும் செய்வது ஒன்றுதான். சப்வூஃபரைச் சோபாவில், நாம் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போட வேண்டும். பிறகு முன்சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேட்க வேண்டும். எங்கே பேஸ் உறுமாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அங்கேதான் அதற்கு இடம். அந்த அம்மா வீட்டில் மூலையிலிருந்து 3 அடி தள்ளி அமைந்தது. சோபாவையும் ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம்.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட ஹோலுக்கு 8 அங்குல சப்வூஃபர் தாராளம். பெட்டியில் அச்சடித்த வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே மின்வலுவுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது, எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி மின்வலு போதும். கடற்கரைப் பக்கம் என்றால், ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றி ஃபோம் வளையம் உள்ளதை விட்டு ரப்பர் வளையம் உள்ளதாக எடுங்கள். ஈரக்காற்றில் ஃபோம் உதிர்ந்துவிடும். காசு குறைவா? மலிவான ஐந்தை விட நல்ல இரண்டே மேல், நான் என் வீட்டுக்கும் அதைத்தான் செய்வேன்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம் போல இருந்தால் நல்லது, கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில். பின் ஸ்பீக்கர்கள் பக்கச்சுவரில், காதுக்கு ஓர் அடி மேலே, சற்றுப் பின்தள்ளி. ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். டைல் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும் என்பதால் ஒரு விரிப்பு, தடித்த திரைச்சீலை, ஒரு புத்தக அலுமாரி அவசியம்.

கீழ் வீட்டில் கைக்குழந்தை என்று அந்த அம்மா சொன்னார். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டுவிட்டு, ரிசீவரில் இரவு முறையை எப்படிப் போடுவது என்று காட்டினேன். அது வெடிச்சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தும்.