சின்ன மூச்சு போதும்: பழுதான நுரையீரலும் வென்டிலேட்டரும்

திருநெல்வேலிப் பக்கம் “அண்ணாச்சியை மெஷின்ல வச்சிருக்காங்களாம்” என்று ஒரு போன் வந்தால் போதும், பாதிச் சொந்தபந்தம் அத்தோடு நம்பிக்கையை விட்டுவிடும். மெஷினில் வைத்ததால்தான் ஆள் போய்விட்டார் என்று பேசுகிறவர்களும் உண்டு. அந்த மெஷின், அதாவது செயற்கையாக மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர், எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. மருந்து வேலை செய்யவும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளவும் தேவையான நாட்களை அது வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில் மெஷினே நுரையீரலைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

பாளையங்கோட்டையில் நம் ஆட்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில், அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் வென்டிலேட்டரில் இருக்கலாம். ஒருவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. அதன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடுவதால் நெஞ்சுத் தசைகள் அசைவதில்லை. ஆனால் நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. தசை செய்யவேண்டிய வேலையை மெஷின் செய்தால் போதும், பெரும்பாலும் சில நாட்களில் எழுந்துவிடுவார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வந்தது உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். காட்டு ஓரத்திலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடும். முற்றிப்போனால் நுரையீரலைத் தாக்கும். இவருக்குத் தசை சரி, நுரையீரலே பழுது. இரண்டாமவருக்கு மெஷினை ஓட்டுவதுதான் கடினம்.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிமோனியா, உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, ஆற்றில் மூழ்கித் தண்ணீர் உள்ளே போவது என்று காரணம் எதுவானாலும், அழற்சியில் இந்தச் சுவர் ஒழுக ஆரம்பிக்கிறது. புரதம் கலந்த நீர் காற்றறைக்குள் கசிகிறது. அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சு ஒன்று உண்டு, சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அதுவும் கெட்டுப்போகிறது. அறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 1967-இல் 12 நோயாளிகளிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். இன்று இதை ஏ.ஆர்.டி.எஸ், அதாவது திடீர்க் கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி, என்கிறோம்.

ஆக்சிஜனைக் கூட்டினால் சரியாகிவிடாதா? 2021 கொரோனா அலையில் நம் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து ராக்கெட்டுக்கான திரவ ஆக்சிஜன் லாரி லாரியாக மருத்துவமனைகளுக்குப் போனது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் மூடிக்கிடக்கும் காற்றறைக்குள் எவ்வளவு சுத்தமான ஆக்சிஜனும் நுழையாது. அந்த அறையைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்புகிறது.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளி சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கால் வகுப்பார்கள். நல்ல உடம்புக்குச் சாதாரணக் காற்றில், ரத்த ஆக்சிஜன் அழுத்தமான 95-ஐ ஆக்சிஜனின் பங்கான 0.21-ஆல் வகுத்தால் சுமார் 450 வரும். 300-க்குக் கீழே இறங்கினால் ஏ.ஆர்.டி.எஸ் வரம்பு. 100 அல்லது அதற்கும் கீழே போனால் கடுமையான நிலை. முழு ஆக்சிஜன் கொடுத்தும் 60-தான் வருகிறது என்று டாக்டர் சொன்னால், நிலைமை எவ்வளவு தீவிரம் என்று புரிந்துகொள்ளலாம்.

நாம் மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. வென்டிலேட்டர் காற்றை வெளியிலிருந்து தள்ளுகிறது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. லூசியானோ கட்டினோனி என்ற இத்தாலிய மருத்துவர் 1980-களில் இத்தகைய நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். காற்றுப் புகும் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் மிச்சம் இருந்தது. இதற்குள் பெரியவருக்கான மூச்சைத் தள்ளினால் என்ன ஆகும்? கன்னடியன் கால்வாயில் தண்ணீரை வேகமாகத் திறந்தால் தலைமடை வயல் நிரம்பி வரப்பு உடையும், கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. அதுபோலத்தான், காற்று முழுவதும் திறந்திருக்கும் நல்ல அறைகளுக்கே ஓடி அவற்றை அளவுக்கு மீறி விரிக்கிறது. விரிந்து கிழிந்த அறைகளிலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், ஈரல் வரைக்கும் பாதிக்கின்றன.

அந்தக் காலத்தில் மூச்சு ஒன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை காற்று கொடுப்பது வழக்கம். ரத்தப் பரிசோதனையும் பார்க்க அழகாக வந்தது. 2000-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை அந்த வழக்கத்தை மாற்றியது. 861 நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு கிலோவுக்கு 12 மில்லிலிட்டர், மறு பிரிவுக்கு 6 மில்லிலிட்டர். பெரிய மூச்சுப் பிரிவில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இறந்தார்கள், சின்ன மூச்சுப் பிரிவில் 31 பேர். புது மருந்து எதுவும் இல்லை, மெஷினின் ஒரு எண்ணைப் பாதியாக்கியதற்கு இந்த வித்தியாசம். தீவிர சிகிச்சையில் இதைவிட மலிவான முன்னேற்றம் ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

கிலோ என்று இங்கே சொல்வது தராசு காட்டும் எடை அல்ல. உடம்பு பருத்தால் நுரையீரல் பெரிதாவதில்லை. அதன் அளவு உயரத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் கணக்குப்படி 61 கிலோ சொச்சம், மூச்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 370 மில்லிலிட்டர். அவர் 85 கிலோ இருந்தாலும் இதேதான். அதனால்தான் ஐசியுவில் நோயாளியைப் படுக்கவைத்தபடியே உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்து அளக்கிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவுக்கு 260 மில்லிலிட்டர்தான். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் குட்டையான பெண்களுக்கு அதிகக் காற்று போய்விடும், இந்தத் தவறு எளிதில் நடக்கக்கூடியது.

சின்ன மூச்சுக்கு ஒரு விலை உண்டு. கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறாது. மூச்சின் எண்ணிக்கையை நிமிடத்துக்கு 35 வரை கூட்டிப் பார்ப்பார்கள். அப்படியும் கொஞ்சம் கூடினால், ரத்தத்தின் அமிலத்தன்மை எல்லை மீறாத வரை பொறுத்துக்கொள்வார்கள். கூடவே, மூச்சு உள்ளே போனதும் மெஷினை அரை நொடி நிறுத்தி நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். அது 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தைத் தாண்டக்கூடாது.

அடுத்தது பீப். மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்படி மெஷினை அமைப்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் அறைகள் மூடித் திறந்தால் அந்த உரசலே காயமாகிவிடும். பீப் அவற்றைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் அதிகமானால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிரஷர் இறங்கும். மூடிய அறைகளை ஒரேயடியாக அதிக அழுத்தத்தில் திறந்துவிடலாம் என்று முயன்ற 2017 சோதனையில் சாவு கூடியதுதான் மிச்சம்.

இவற்றுக்கும் மசியாத கடும் நிலையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் பதறுவது இதைக் கண்டுதான். மல்லாந்து கிடக்கையில் இதயத்தின் எடையும் நீர் கோத்த நுரையீரலின் எடையும் முதுகுப்பக்கத்தை அமுக்குகின்றன. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்பக்கம்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டதும் அந்தப் பகுதி திறந்து, காற்று எல்லா இடத்துக்கும் ஓரளவு சீராகப் பரவுகிறது. 2013-இல் வெளியான, பெரும்பாலும் பிரான்ஸில் நடந்த சோதனையில் தினமும் 16 மணி நேரம் அளவுக்குக் குப்புறப் போட்டார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 33-லிருந்து 16-ஆகக் குறைந்தார்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். வாயிலிருக்கும் குழாயும் கழுத்து ஊசியும் நழுவாமல், சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகத் திருப்ப நாலைந்து பழகிய ஆட்கள் வேண்டும். நர்ஸ்களின் உழைப்பு நேரடியாக உயிராக மாறும் சிகிச்சை இது. திரும்பப் போடும்போது முகம் வீங்கியிருக்கும், பயப்பட வேண்டாம், வடிந்துவிடும்.

இதற்கும் அப்பால் எக்மோ இருக்கிறது. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி. நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் செலவு அதிகம், ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு, எல்லா ஊரிலும் கிடைக்காது. மேலே சொன்னவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நுரையீரல் தேறத் தொடங்கியதும் ஆக்சிஜனையும் பீப்பையும் படிப்படியாக இறக்குவார்கள். தினமும் மயக்க மருந்தைக் குறைத்து, அரை மணி நேரம் சொந்தமாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் தோற்றால் மறுநாள் மறுபடியும். ஐசியு வாசலில் காத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்கவேண்டியது “ஆக்சிஜன் எத்தனை சதவீதம், பீப் எவ்வளவு, நேத்தைக்கு எவ்வளவு இருந்துச்சு” என்பதைத்தான். அந்த எண்கள் இறங்குகின்றனவா ஏறுகின்றனவா என்பதை வைத்து நிலைமையை ஓரளவு ஊகிக்கலாம். குழாயை எடுத்த பிறகும் கைகால் தளர்ச்சி பல வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். வீட்டுக்கு வந்தவரை “இன்னும் ஏன் படுத்தே கிடக்கீங்க” என்று அவசரப்படுத்தாமல், பிசியோதெரபிக்குத் தவறாமல் கூட்டிப்போக வேண்டும்.