ஃபைன் கட்டினால் முடிந்துவிடாது

"சார், ஒத்துக்கிட்டா ஃபைனோட விட்டுடுவாங்களாமே, சட்டுனு முடிச்சுக் கொடுங்க." போன வாரமும் ஒரு அப்பா வக்கீலான என்னிடம் இதையேதான் கேட்டார். மகனிடம் பிடிபட்டது ஒரு பொட்டலம் கஞ்சா.

ஒப்புக்கொண்டால் வழக்கு முடியும், சரி. ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. ஆயிரம் ரூபாய் அபராதம் என்றாலும் அவன் தண்டிக்கப்பட்டவன்தான். நாளை அரசு வேலைக்கு போலீஸ் விசாரணை வரும்போது "வெறும் ஃபைன்தானே" என்பது எடுபடாது. சிறைக்குப் போகாவிட்டால் தண்டனையே இல்லை என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறவனின் போதைப் பழக்கமும் கூடவே வெளியே வருகிறது.

அமெரிக்காவில் 1989-இல் மயாமியில் போதைக்கு அடிமையானவர்களின் வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் தொடங்கினார்கள். நீதிபதியே அடிக்கடி நேரில் கூப்பிட்டு விசாரிப்பார். சிறுநீர்ப் பரிசோதனை, சிகிச்சை, சறுக்கினால் கண்டிப்பு. நம்முடைய என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் அந்த வகை அல்ல. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ (கஞ்சா 1 கிலோவுக்கும், ஹெராயின் 5 கிராமுக்கும் குறைவு) மாட்டி, தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பிரிவு 64ஏ அவரை வழக்கிலிருந்து காக்கும். பாதியில் ஓடிவந்தால் அந்தப் பாதுகாப்பும் போகலாம். குற்றம் உறுதியான பிறகும், அவர் சம்மதித்தால், பிரிவு 39-இன் கீழ் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அறிக்கையோடு வர வேண்டும். சிறிய அளவைத் தாண்டி விற்றவருக்கு இந்தக் கதவு திறக்காது.

சிகிச்சை அரசு நடத்தும் இடத்திலோ அரசு அங்கீகரித்த இடத்திலோதான் இருக்க வேண்டும். வழவழ லெட்டர்பேடில் 'முழுமையாகக் குணமடைந்தார்' என்று அடித்துக்கொண்டு வராதீர்கள். அங்கீகாரம் எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும். மாறாக, கைதுக்கு முந்தைய தேதியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் கசங்கிய ஓ.பி. சீட்டு ஒன்று இருந்தால், அடிமைப் பழக்கம் உண்டு என்று காட்ட எனக்கு அது போதும் என்றே சொல்வேன். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ரிமாண்டின்போதே வக்கீலிடம் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே போய், போதை கிடைக்காமல் நடுக்கமும் வாந்தியும் வந்தால் மருத்துவரிடம் காட்ட நீதிபதியிடம் அப்போதே கேட்டுவிடலாம். மானம் போகும் என்று தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். வழக்கே இல்லாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு இன்றே பேசுங்கள், கட்டணம் கிடையாது.