கட்டளைவரி: சொல் விளக்கம்

சிங்கப்பூரில் மின்னணு ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் "கமாண்ட் லைன்ல அடிச்சுப் பாருங்க" என்றுதான் சொல்கிறோம். பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தாலும் அறிவியலை ஆங்கிலத்திலேயே படித்தோம், அதனால் அது இயல்புதான். ஆனாலும் கட்டளைவரி என்ற தமிழ்ச் சொல் இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

சுட்டியைத் தொடாமல், வேண்டியதை ஒரு வரியாகத் தட்டச்சு செய்து கணினியிடம் சொல்லும் முறை அது. லினக்ஸில் 'எல்எக்ஸ்ஐ' என்றொரு சிறு நிரல் உண்டு. அதோடு 'டிஸ்கவர்' என்று சேர்த்து அடித்தால், பிணையத்தில் உள்ள அலைகாட்டி, பன்மானி, மின்வழங்கி ஆகியவற்றைத் தேடிப் பட்டியலிடும். அப்புறம் அவற்றில் ஒன்றுக்கு, 'நீ யார்' என்று அடையாளம் கேட்கும் விதமாக நட்சத்திரக் குறி, ஐடிஎன், கேள்விக்குறி என்று அனுப்பினால், தயாரித்த நிறுவனம், மாதிரி எண், வரிசை எண், மென்பொருள் பதிப்பு எல்லாம் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் பதிலாக வரும்.

இந்தக் கட்டளைகளின் பொது இலக்கணம் 'ஸ்கிப்பி'. 1990இல் வெளிவந்தது. அதற்கு முன்னோடி ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் உருவாக்கிய இணைப்பு முறை. 1975இல் அது, ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் 488 என்ற எண்ணுள்ள தரநிலையாக ஆனது.

ஆங்கிலக் 'கமாண்ட்' லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரில் 'ஒப்படைத்தல்' என்ற பொருள் இருக்கிறது. தமிழ்க் கட்டளைக்கு ஆணை என்பதோடு அளவு, வரையறை, அச்சு என்ற பொருள்களும் உண்டு. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். 505ஆம் குறளில் "கருமமே கட்டளைக் கல்" என்று வருகிறதே, அதுதான். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17.

ஸ்கிப்பியிலும் எழுத்துக் கணக்கு இதே கண்டிப்பு. 'வோல்டேஜ்' என்பதை ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்தாகச் சுருக்கலாம், அல்லது ஏழெழுத்தையும் எழுதலாம். ஐந்தெழுத்தில் நிறுத்தினால் கருவி ஏற்காது. -113 என்ற பிழை எண்ணைப் பதிந்துவைக்கும். இந்த அளவுக் கண்டிப்பு 'ஆணை' என்ற சொல்லில் இல்லை. அதனால் என் தேர்வு கட்டளைதான்.

'குவெரி'க்கு வினவல் என்பதே சரி. கேள்விக்குறியோடு முடிவது வினவல், அதற்குத்தான் பதில் வரும். வெறும் கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நேரம் கடந்து இணைப்பு பிழை காட்டும். புதிதாகச் சேரும் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஆகவே இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டாம்.

'டூல்', 'இன்ஸ்ட்ருமென்ட்' இரண்டையுமே கருவி என்று எழுதுவதும் குழப்பம் தரும். மேசைமேல் இருப்பதை அளவுக்கருவி என்றும் கணினியில் ஓடுவதை நிரல் என்றும் எழுதலாம்.