மஸ்: கோப்பை அல்ல, படி

செப்டம்பர் பாதி கழிந்தால் போதும், ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் பீர் விழாவான அக்டோபர்ஃபெஸ்ட் நம் செய்திகளில் தலைகாட்டும். கூடவே "பீர்க் கோப்பைகளை உயர்த்தி மகிழ்ந்தனர்" என்ற வரியும் தவறாமல் வந்துவிடும். பயணக் காணொளிகளில் அதுவே "ஒரு லிட்டர் கப்", "பெரிய பீர்க் குவளை" என்று வெவ்வேறு வேடம் போடும். அந்த விழாக் கூடாரத்தில் உட்கார்ந்து யாரும் கோப்பை கேட்பதில்லை. அவர்கள் கேட்பது மஸ், அதாவது ஒரு லிட்டர் அளவு பீர். இந்தத் தவறான பெயர்ப்பை ஆண்டுதோறும் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

முதலில் ஒலிப்பு. பொது ஜெர்மனில் அளவைக் குறிக்கும் சொல் நெடிலாக 'மாஸ்' என்று ஒலிக்கும். மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தில் பீருக்குச் சொல்வது குறில், 'மஸ்'. இலக்கணப் பால்கூட வேறு: முன்னது அஃறிணை, பின்னது பெண்பால். இரண்டுக்கும் அடி 'மெஸ்ஸன்', அதாவது அளத்தல். தமிழில் 'மாஸ்' என்று எழுதினால் திரைப்பட நாயகனின் அறிமுகக் காட்சிதான் நினைவுக்கு வரும். அதற்காகவாவது குறிலில் எழுதுங்கள்.

மஸ் ஒரு முகத்தலளவையின் பெயர். மெட்ரிக் முறை வருமுன் பவேரியாவின் மஸ் ஏறத்தாழ 1.07 லிட்டர், ஆஸ்திரியாவின் மஸ் ஏறத்தாழ 1.4 லிட்டர். 1872-இல் ஜெர்மனி மெட்ரிக்குக்கு மாறியபின் அது சரியாக ஒரு லிட்டராகிவிட்டது. அளவு சற்றுச் சுருங்கியது, பெயர் நிலைத்தது. முன்பு அதை உள்ளிருப்பது தெரியாத சாம்பல் நிறச் சுட்டமண் சாடியில் ஊற்றினார்கள், இப்போது தடித்த கண்ணாடியில் ஊற்றுகிறார்கள். பாத்திரம் மாறியும் பெயர் மாறவில்லை என்றால் அது பாத்திரத்தின் பெயர் அல்ல.

இனி 'கோப்பை'. தமிழ்நாட்டில் கோப்பை என்றால் ஒன்று தேநீர், இல்லையென்றால் கிரிக்கெட். கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கண்ணாடிப் பாத்திரத்துக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. இதை நீட்டி மறுக்கத் தேவையில்லை.

'குவளை'தான் பிடிவாதமான எதிரி. தூய தமிழ் என்ற தகுதி அதற்கு இருப்பதால் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்கூட அதையே எடுக்கிறார்கள். ஆனால் பவேரிய வழக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். அரை லிட்டர் பீருக்கு அங்கே 'ஹால்பே' என்று பெயர், பேச்சில் 'ஹோய்பே'. பொருள்: பாதி. எதில் பாதி? மஸ்ஸில் பாதி. கால் லிட்டருக்குக் 'குவார்ட்டல்'. இந்த மூன்றும் ஒரே குடும்பம். மஸ் குவளை என்றால் ஹால்பே அரைக்குவளை ஆகவேண்டும். "அரைக்குவளை பீர் கொடுத்தார்கள்" என்று எழுதினால் எந்தத் தமிழருக்கும் பாதி காலியான பாத்திரம்தான் கண்முன் வரும். ஹால்பே வருவதோ விளிம்புவரை நுரைத்த முழுக் கண்ணாடியில். ஒரு சொல்லை மட்டும் பெயர்த்துவிட்டு அதன் உறவுக்காரர்களை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

இலக்கணமும் குவளைக்கு எதிராகவே நிற்கிறது. பவேரியர் இரண்டு மஸ் கேட்கும்போது "ஸ்வோஆ மஸ்" என்பார், பத்து என்றாலும் மஸ்தான், பன்மை ஈறு ஏறாது. நாமும் "இரண்டு படி அரிசி" என்போமே தவிர "இரண்டு படிகள் அரிசி" என்பதில்லை. அளவுப் பெயருக்கு உள்ள இயல்பு அது.

ஆகவே என் பரிந்துரை: படி. படி, அரைப்படி, கால்படி என்று மூன்றும் ஒழுங்காக வந்து உட்காரும். எலுமிச்சைப் பானம் பாதி கலந்த 'ராட்லர் மஸ்' ஒரு படி ராட்லர். விழா தொடங்கும் நாளில் நண்பகல் 12 மணிக்கு நகர மேயர் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி "ஓட்ஸப்ஃப்ட் இஸ்" என்று கூவுகிறார். குழாய் இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். அப்போது ஊற்றும் முதல் மஸ் பவேரிய மாநில முதல்வருக்கு. இங்கே ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ள வேண்டும்: "முதல் படி முதல்வருக்கு" என்றால் மாடிப்படியோ என்று குழப்பம் வரும். "முதல் படி பீர்" என்று ஒரு சொல் கூட்டினால் தீர்ந்தது.

படி ஒரு லிட்டர் இல்லையே என்பார்கள். இல்லைதான். நம் படியும் ஊருக்கு ஊர் மாறியது, மஸ்ஸும் நாட்டுக்கு நாடு மாறியது. துல்லியம் வேண்டுமானால் "ஒரு லிட்டர்ப் படி" என்று முதல்முறை விளக்கிவிட்டு மேலே போகலாம். 'நாழி' இன்னும் பழைய சொல்லாயிற்றே என்று கேட்பவர்களும் உண்டு. அழகான சொல்தான். ஆனால் அரை நாழி 'உரி', கால் நாழி 'உழக்கு' என்பதை இன்றைய வாசகருக்கு அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்லவேண்டும். அரைப்படிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அளவுதான் இந்தச் சொல்லின் உயிர் என்பதற்கு மியூனிக்கே சாட்சி. கண்ணாடியில் ஒரு லிட்டரைக் காட்டும் கோடு ஒன்று பதித்திருக்கும். பீர் அந்தக் கோட்டைத் தொடவேண்டும், நுரை அதற்கு மேலே நிற்கவேண்டும். நுரையைக் காட்டிப் பீரைக் குறைப்பவர்களைக் கண்காணிக்க அங்கே ஒரு சங்கமே இருக்கிறது. 2024-இல் விழாவில் ஒரு மஸ் 13.60 முதல் 15.30 யூரோ வரை விற்றது. அந்த விலையில் இரண்டு விரல்கடை குறைந்தால் கேட்காமல் விடுவார்களா? தலைதட்டி அளந்த படியையும் குவித்து அளந்த படியையும் பார்த்தவுடன் வேறுபடுத்தத் தெரிந்த மொழி நம்முடையது. அந்தச் சண்டையைச் சொல்ல 'குவளை' எப்படிப் போதும்?

கோளாறு எங்கே என்றும் தெரிகிறது. நம்மில் பெரும்பாலோர் ஜெர்மனைப் படித்துப் பெயர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 'மக்' என்று இருப்பதைப் பார்த்துப் பெயர்க்கிறோம். ஆங்கிலக்காரர் பாத்திரத்தைப் பார்த்தார், நாமும் பாத்திரத்தையே பார்க்கிறோம். இதே வழியில்தான் அக்டோபர்ஃபெஸ்ட் சில ஏடுகளில் "சாராயத் திருவிழா" ஆனது. சாராயம் காய்ச்சி வடிப்பது, பீர் வாற்கோதுமையை முளைகட்டிப் புளிக்கவைப்பது. இந்த வேறுபாடு தெரியாதவர்களா நாம்? மியூனிக்காரர்கள் விழாவை 'வீஸ்ன்' என்பார்கள். 1810-இல் பட்டத்து இளவரசர் லுட்விக்கை மணந்த தெரேசாவின் பெயரால் அமைந்த தெரேசியன்வீஸே என்ற புல்வெளியின் செல்லப்பெயர் அது. அதையும் "விழா மைதானம்" என்று தட்டையாக்கிவிட்டோம்.

குவளைக்கும் இடம் உண்டு. 'மஸ்க்ரூக்' என்பது பாத்திரத்தின் பெயர். அதைப் படிக்குவளை என்று தாராளமாக எழுதலாம். நிரம்பிய பாத்திரத்தைக் கை மடக்காமல் நீட்டிப் பிடித்து யார் நெடுநேரம் நிற்கிறார் என்று பார்க்கும் போட்டி பவேரியாவில் உண்டு. அங்கே தூக்கிப் பிடிப்பது படிக்குவளை, அதற்குள் இருப்பது ஒரு படி பீர்.