வண்டி சத்தம் கேட்டா வயிறு ஏன் கலங்குது?

போன வாரம் தேனிப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அண்ணே, அப்பா குடிய விட்டு ஆறு வருஷம் ஆச்சு, இப்ப தங்கமான மனுஷன், ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல அவரு வண்டி சத்தம் கேட்டா எனக்கு இன்னும் வயித்தக் கலக்குது, நான் என்ன லூசா?"

லூசெல்லாம் இல்லம்மா. பயந்தா அட்ரினலின், கார்ட்டிசால்னு ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், குடலுக்குப் போற ரத்தம் குறையும், இதெல்லாம் ஸ்கூல் பயாலஜிதான், தாண்டிப் போயிடுவோம்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இதுக்கு முன்னாடி இருக்கு. குடிக்கிறவர் வீட்டுல அடி உதைய விட பெரிய இம்சை "இன்னிக்கு எப்படி வருவாரு"ங்கற கேள்விதான். ஒரு நாள் அல்வா பொட்டலத்தோட சிரிச்சுக்கிட்டே வருவாரு, மறுநாள் சோத்துத் தட்டு பறக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 45 பேர உக்கார வச்சு ஒரு விளையாட்டு விளையாட விட்டாங்க, 2016ல வெளியான ஆராய்ச்சி. திரையில ஒரு கல்லு, அதுக்கு அடியில பாம்பு இருக்கா இல்லையான்னு யூகிக்கணும், இருந்துச்சுன்னா கையில சுரீர்னு ஒரு ஷாக். பாம்பு இருக்கற வாய்ப்ப மாத்திக்கிட்டே இருந்து, கண்ணு பாப்பா எவ்வளவு விரியுது, எவ்வளவு வேர்க்குதுன்னு அளந்தாங்க. ஷாக் கண்டிப்பா விழும்னு தெரிஞ்சப்பதான் டென்ஷன் உச்சத்துக்குப் போயிருக்கும்னு நெனப்பீங்க. கெடையாது, பாதிக்குப் பாதி வாய்ப்புங்கறப்பதான் உடம்பு ரொம்ப தவிச்சுது! விழும்னா விழும்னு மனசு ஒரு முடிவுக்கு வந்துடுது, விழுமா விழாதாங்கறதுதான் போட்டு வாட்டுது.

இப்ப அந்த விளையாட்ட ஒரு எட்டு வயசுப் புள்ள தினமும் சாயங்காலம் வருஷக்கணக்கா ஆடுதுன்னு வச்சுக்கங்க. மூளை சும்மா இருக்குமா, துப்பு தேட ஆரம்பிச்சுடும். வண்டிய ஆஃப் பண்ற விதம், செருப்பக் கழட்டுற சத்தம், வாசல்ல ஒரு இருமல், அது போதும், தம்பிய எழுப்பி உள் ரூமுக்கு கூட்டிட்டுப் போகணுமா வேணாமான்னு முடிவாயிடும். அமெரிக்காவுல சேத் போலக்னு ஒரு உளவியலாளர், மங்கலான முகப் படத்த கொஞ்சம் கொஞ்சமா தெளிவாக்கிக் காட்டினாரு. அடிபட்டு வளர்ந்த குழந்தைங்க மத்த குழந்தைங்களுக்கு முன்னாடியே அதுல இருக்கற கோபத்தக் கண்டுபிடிச்சுட்டாங்க. (அவங்க அடிபட்ட பிள்ளைங்க, குடிக்கிற வீடு எல்லாத்துலயும் அடி இருக்காது, அது வேற. ஆனா துப்பு தேடற வேலை ஒண்ணுதான்.)

அம்மாக்களுக்கும் இதே கதைதான், அதோட சேத்து அரிசி டப்பால காசு ஒளிக்கணும், புருஷன் வேலைக்கு வராததுக்கு "காய்ச்சல் சார்"னு போன் பண்ணணும். கடைசியில யாரோ சொன்னாங்கன்னு கயிறு கட்டுவாங்க, இல்லன்னா "அவருக்கே தெரியாம குழம்புல கலந்து குடுங்க"ன்னு விக்கிற பொடிய வாங்குவாங்க. கயித்தால உயிர் போகாது. பொடில டைசல்பிராம்னு குடிய விட வைக்க டாக்டர் குடுக்கற மருந்து இருந்து, அதுக்கு மேல அவரு சரக்கும் அடிச்சா பிரஷர் விழுந்து ஆளே போயிடலாம், டாக்டர் இல்லாம தொடாதீங்க. 2003ல இருந்து சில்லறையில சரக்கு விக்கிறது அரசாங்கம்தான், அந்த லாபத்துல ஒரு துளிய இந்த வீட்டுப் பிள்ளைங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒதுக்குனா என்ன கொறைஞ்சுடும்னு எனக்குப் புரியவே இல்ல.

சரி, தங்கச்சி கேள்விக்கு வர்றேன். அப்பா நிறுத்திட்டாரு, ஆனா பயம் ஏன் நிக்கல? பயத்த மூளை பெரும்பாலும் அழிக்கிறது இல்ல, "இப்ப ஆபத்து இல்ல"ன்னு புதுசா ஒரு பாடத்த அதுக்கு மேல எழுதுது, அவ்வளவுதான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்கிட்டயே பாத்துட்டாரு, மணி அடிச்சா சோறு வரும்னு பழகுன நாய்க்கு சோறு குடுக்காம மணிய மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா எச்சில் ஊறறது நின்னுபோச்சு, கொஞ்ச நேரம் விட்டுட்டு அடிச்சா திரும்ப ஊறுது. இன்னொண்ணு, புதுப் பாடம் கத்துக்கிட்ட எடத்துலதான் நல்லா வேலை செய்யும். சென்னை ஹாஸ்டல் வாசல்ல அதே மாதிரி வண்டி போனா ஒண்ணும் ஆகலன்னு தங்கச்சியே சொன்னாங்க, அங்க புதுப் பாடம் எழுதியாச்சு போல, ஊர்ல அந்தத் திண்ணை, அந்த எட்டு மணி, அந்த டியூப்லைட் வெளிச்சம் சேர்ந்தாதான் வயிறு கலங்குதாம்.

அப்பாவ சாயங்காலம் வண்டியில கூட்டிட்டுப் போகச் சொல்லி டீ குடிச்சுட்டு எட்டு மணிக்கு ரெண்டு பேருமா வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிருக்கேன், அந்த எடத்துலயே அந்த நேரத்துலயே புதுப் பாடம் எழுதட்டும். பொங்கலுக்கு போறாங்களாம்.