மான்சூன்: காலமா, காற்றா, மழையா?

மான்சூன் என்றதும் நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். ஆனால் இதன் தாய்ச்சொல்லான அரபி 'மவ்சிம்' மழையைக் குறிக்காது. பருவம், குறித்த காலம் என்பதே அதன் பொருள். அறுவடைக் காலமும் மவ்சிம், ஹஜ் காலமும் மவ்சிம்.

அதன் வேர் வ-ஸ-ம. அடையாளம் இடுவது என்பது வேரின் கருத்து. ஒட்டகம் யாருடையது என்று தெரிவதற்காகக் காய்ச்சிய இரும்பால் அதன் தோலில் சூடு போடுவார்கள். அந்தக் குறிக்குப் பெயர் 'வஸ்ம்'. ஆண்டுக்குள் அப்படிக் குறி போட்டு வைத்த காலம் மவ்சிம். இதே வேரில் 'வஸ்மி' என்ற அழகான சொல்லும் உண்டு. கோடை போன பிறகு பெய்யும் முதல் மழை அது. வறண்ட நிலத்தில் பச்சையைக் குறியாக வைத்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர்.

காலத்தைக் குறித்த சொல் காற்றைக் குறிக்கத் தொடங்கியது கடலோடிகளால். அரபிக்கடலில் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். கோடையில் தென்மேற்கிலிருந்தும் குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்தும் வீசும். பாய்மரக் கப்பல் அதை நம்பித்தான் கிளம்ப வேண்டும். எந்தத் துறையிலிருந்து எப்போது புறப்படலாம் என்ற நாள் கணக்கையே அரபு மாலுமிகள் மவ்சிம் என்றார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மாலிந்தியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோழிக்கோட்டுப் பக்கம் வந்துவிட்டார். காற்று சாதகமாகும் முன்பே திரும்பக் கிளம்பியதால், மறுபடி ஆப்பிரிக்கக் கரையைக் காண ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. வழியில் பலர் இறந்தார்கள். அந்தக் கடலில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு இதிலிருந்தே புரியும்.

போர்ச்சுகீசியர் வாயில் அது 'மொன்சாவ்' ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போய் 'மான்சூன்' ஆனது. பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் நுழைந்தது. மலாயில் 'மூசிம்', துருக்கியில் 'மெவ்சிம்', சுவாஹிலியில் 'ம்சிமு' என்று வழங்குவதெல்லாம் இன்றும் பருவம் என்ற பழைய பொருளில்தான். இந்தியில் இந்தச் சொல் இரண்டு முறை வந்து இறங்கியிருக்கிறது. பாரசீகம் வழியாக வந்த 'மௌசம்' வானிலை. ஆங்கிலம் வழியாக வந்த 'மான்சூன்' மழைக்காலம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கடற்காற்றை ஆளும் கலை நமக்குப் புதிதல்ல. 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று கரிகாலனின் முன்னோனைப் புறநானூறு பாடுகிறது. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கார், கூதிர் என்று மழைக்கும் குளிருக்கும் பொழுதுகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் மான்சூனுக்கு நேரான சொல் இவற்றில் எதுவும் இல்லை, திசை மாறி மாறி வீசுவதுதான் அதன் இயல்பு என்பதால். அதற்குப் பொருந்துவது பருவக்காற்று. அது கொண்டுவருவது பருவமழை.

இரண்டையும் கலக்காமல் எழுதுவது நல்லது என்பேன். ஐப்பசித் தொடக்கத்தில் சில நாள் இப்படி அமையும்: பருவக்காற்று திரும்பிவிட்டது, பருவமழை இன்னும் தொடங்கவில்லை. மான்சூன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், வராது.